இயற்கைப் பொருள் என்பதாலேயே பாதுகாப்பானதா?

கதீட்டர் எனப்படும் சிறுநீர்க் குழாயின் பரப்பில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழவழப்பான படலத்தை அமைத்துக்கொள்கின்றன. படலம் உருவான பின்னர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அவற்றை முழுமையாக அழிப்பது அரிது. எனவே ஒட்டவிடாமல் தடுப்பதே அறிவுடைமை.

இதற்கு இயற்கையிலேயே ஒரு வழி உண்டு. பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா சுரக்கும் சர்ஃபாக்டின், சோப்பைப் போல நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பது. இதன் கரைசலை முன்னரே செலுத்திய குழாய்களில் சால்மோனெல்லா, ஈ. கோலை முதலிய பாக்டீரியாக்களின் படலம் குறைந்ததை 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இத்தகைய ஆய்வுகள் வளர்க்கப்பட வேண்டியவையே.

ஆயினும் சர்ஃபாக்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்க வல்லது. ஆய்வுக்கூடத்தில் கண்ட வெற்றி, நோயாளிகளிடம் மெய்ப்பிக்கப்படும்வரை சிகிச்சை ஆகாது. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் இயற்கையாக நுரைப்பவைதாமே என்று அவற்றின் நீரால் குழாயைக் கழுவ முற்படுவது தீங்கு விளைவிக்கும்.

இன்று நம் கையிலுள்ள தடுப்பு முறைகள் எளியவை. குழாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைக் கழுவுங்கள். சிறுநீர் சேரும் பையை இடுப்புக்குக் கீழே, தரையில் படாதவாறு தொங்கவிடுங்கள். இணைப்பைத் தேவையின்றிக் கழற்றாதீர்கள். யாவற்றினும் மேலாக, மருத்துவமனையில் தங்கியிருக்கும் நாள்களில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ நாள்தோறும் கேளுங்கள்: "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" தேவை முடிந்ததும் அகற்றப்பட்ட குழாயில் எந்தப் படலமும் வளராது.