கடல் கடந்த கைத்தாங்கல்

இந்திய - ஜெர்மன் வர்த்தக சபை 1956-ல் மும்பையில் தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் இயந்திரம் தயாரிப்பவர்கூட, இந்தியாவில் முகவரைத் தேடவும், இங்குள்ள சட்டவிதிகளை அறியவும் அதன் கதவைத் தட்டலாம். சேவைக்குக் கட்டணம் உண்டு. எனினும் உலகெங்கும் உள்ள இத்தகைய சபைகளுக்கு ஜெர்மன் அரசு நிதியுதவியும் அளிக்கிறது. இந்திய நிறுவனங்களும் இச் சபையில் உறுப்பினர்களே என்பது உண்மைதான்.

ஆனால், மொராதாபாத் பித்தளைப் பாத்திர உற்பத்தியாளரின் நிலை வேறு. அனுப்பிய சரக்கில் குறை கூறிப் பணத்தை நிறுத்தி வைக்கும் ஐரோப்பிய இறக்குமதியாளரிடம் அவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? தூதரக வணிகப் பிரிவுக்கு ஆயிரம் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2007-ல் தொடங்கிய தடையற்ற வர்த்தகப் பேச்சு, 2013-ல் முடங்கி 2022-ல்தான் மீண்டும் தொடங்கியது. வரிச்சலுகைக்கு இத்தனை காலம் வாதாடிய தில்லி, அச்சலுகையைச் சிறுதொழில்கள் பயன்படுத்திக்கொள்ள வெளிநாடுகளில் இந்திய வர்த்தக சபைகளுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.