குறுக்குக் கம்பியின் நியாயம்

எங்கள் தெருவின் கடைக்கோடி வீட்டில் ஓர் இளம் தம்பதியர் வாழ்கின்றனர். கணவர் கொத்தனாரிடம் கையாள். மனைவி விடியற்காலையில் எழுந்து இட்லி மாவு அரைத்து, சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கு ஊற்றி வருபவர். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் இருவருமாக என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். "ஐயா, பிள்ளைகளையும் மாவுத் தூக்குகளையும் கொண்டு போக ஒரு வண்டி வேண்டும். எதை வாங்கலாம்?" என்று கேட்டார்கள். "நல்ல கனமான சைக்கிள் ஒன்று வாங்குங்கள், தொழில் பெருகினால் மூன்று சக்கர மிதிவண்டிக்கு மாறலாம்" என்றேன். மனைவியின் முகம் மலர்ந்தது. கணவரின் முகம் சுருங்கியது. "சைக்கிளில் போய் இறங்கினால் மாமனார் வீட்டில் யார் மதிப்பார்கள், ஐயா?" என்றார் அவர்.

தவணையில் மோட்டார் சைக்கிள் வந்தது. முன்பணம், மனைவி மாவு விற்றுச் சேர்த்த காசு. ஆனால் வண்டியோ நாள் முழுவதும் கணவர் வேலை செய்த கட்டடத்தின் நிழலில் நின்றது. மாவுத் தூக்கு பழையபடி இடுப்பிலேயே இருந்தது. அடைமழை வந்தது, வேலை நின்றது, தவணைகள் தவறின. ஒரு காலையில் கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் வந்து வண்டியை ஓட்டிச் சென்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. மதிப்பைத் தேடி வாங்கிய பொருளே அவர்களை அவமதிப்பில் நிறுத்தியது.

இது அந்த ஒரு குடும்பத்தின் பிழையா? இல்லை என்பதே என் வாதம். சுமைக்கு ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுக்காமல் ஊரார் கண்ணுக்கு ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுக்கும்படி ஏழையை நெருக்குகிறோமே, நாம் அனைவரும் செய்யும் பிழை இது.

நம் மண்ணிலேயே இதற்கு மாறான ஒரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களின் கைகளில் கொடுத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலை செய்யும் பெண்களும், செவிலியரும், ஆசிரியைகளும் சைக்கிள் மிதிக்கக் கற்றார்கள். அந்த மாற்றத்தை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். பெண்களுக்கான சைக்கிள்கள் கடைகளில் தட்டுப்பட்டபோது அவர்கள் ஆண்களுக்கான சைக்கிளையே வாங்கினார்கள். பின்னர் பலர் அதையே விரும்பவும் செய்தார்கள். காரணம், இருக்கைக்கும் ஹாண்டில்பாருக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்! பின்னால் கேரியரில் குடமோ மூட்டையோ, முன்னால் பிள்ளை, நடுவில் தாய்.

இதை எண்ணிப் பாருங்கள். குறுக்குக் கம்பியில்லாத சைக்கிள், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் நீண்ட பாவாடைக்காக வளைக்கப்பட்ட வடிவம். அது உடையை நினைத்தது, உழைப்பை நினைக்கவில்லை. புதுக்கோட்டைப் பெண்களோ, 'எது பெண்ணுக்கு அழகு?' என்று கேட்காமல், 'எது என் பிள்ளையையும் சுமையையும் தாங்கும்?' என்று கேட்டார்கள். வண்டி வாங்கும் எந்தக் குடும்பமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

இரண்டாம் கேள்வி, சுமை எங்கே அமர்கிறது என்பது. கேரியரின் மேல் உயரமாக அடுக்கினால் முன்சக்கரம் இலேசாகி ஹாண்டில்பார் தள்ளாடும். அதே எடையைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தாழத் தொங்கவிட்டால் வண்டி அடங்கிச் செல்லும். நம் பால்காரர்களுக்கும் தண்ணீர்க் குடம் சுமப்போருக்கும் இதை யாரும் கற்பிக்கவில்லை; கைப்பழக்கம் கற்பித்தது. மூன்று சக்கர வண்டி நின்ற இடத்தில் சாயாது, மூட்டைகளைத் தாராளமாக ஏற்கும். ஆனால் திருப்பத்தில் இரு சக்கர வண்டியைப்போல் அது சாய்ந்து கொடுக்காது. வேகமாகத் திருப்பினால் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். குறுகிய சந்தில் நுழையாது. மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே சந்துகளில் திரிபவருக்கு இரண்டு சக்கரமும், சந்தைக்கு மூட்டை கொண்டு போவோர்க்கு மூன்று சக்கரமும் பொருந்தும்.

மூன்றாம் கேள்வி பிள்ளையின் பாதுகாப்பு. பின்னால் அமரும் குழந்தையின் பாதம் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்குவது நாமறிந்த கொடுமை. ஒரு வலைத் தகடு அதைத் தடுக்கும். கம்பி பிரேக் போட்ட இரும்பு ரிம், நனைந்தால் சரியாகப் பிடிப்பதில்லை. மழையில் மெதுவாகச் செல்வதே அறிவு. சுமையேற்றும்போது அசையாத இரட்டைக் கால் ஸ்டாண்டும் வேண்டும். இவற்றுக்கான செலவு மோட்டார் சைக்கிளின் ஒரு தவணைக்கும் எட்டாது.

"மனிதன் மனிதனைச் சுமக்கும் இழிவை ஒழித்த நாட்டில் மறுபடியும் மிதிக்கச் சொல்கிறீரா?" என்று சிலர் சினக்கலாம். தமிழகத்தில் 1973இல் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. அது மனித மாண்பைக் காத்த நற்செயல். ஆனால் அங்கே இழிவு எதில் இருந்தது? உழைப்பிலா? இல்லை. வண்டியும் தனதன்றி, பயணமும் தனதன்றி, வாடகைக்காகத் தன் மூச்சை விற்க நேர்ந்ததில் இருந்தது. தன் பிள்ளையைத் தன் வண்டியில் வைத்துத் தன் வழியில் மிதிக்கும் தாயை அந்த இழிவோடு ஒப்பிடுவது நேர்மையாகுமா?

"இது ஏழ்மையின் அடையாளம்" என்பாரும் உண்டு. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில், கிறிஸ்டியானியா என்னும் குடியிருப்பில், 1984இல் ஒரு கொல்லர் தம் துணைவியின் பிறந்தநாளுக்காக முன்பக்கம் பெட்டி பொருத்திய மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். இன்று அந்நகரில் வசதி படைத்த பெற்றோரும் அத்தகைய பெட்டிகளில் பிள்ளைகளை அமர்த்திப் பள்ளிக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே பெருமையாக இருப்பது இங்கே சிறுமையாவது எப்படி? வண்டியில் வேறுபாடு இல்லை. பார்க்கும் கண்ணில்தான் வேறுபாடு.

சாலையில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே பிள்ளையோடு மிதிப்பது ஆபத்து என்ற மறுப்பை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். அது உண்மை. ஆயின் குற்றம் மிதிவண்டியுடையதா, சாலையுடையதா? ஒருகாலத்தில் நம் ஊர்களில் மிதிவண்டிக்கு வரி வாங்கித் தகடு கொடுத்தார்கள். 'டபுள்ஸ்' போனவரைக் காவலர் நிறுத்தி அபராதம் கேட்டார். குடும்பத்தைச் சுமந்ததே குற்றம்! அந்த நாள்கள் போயின. சாலையில் ஓர் ஓரம்கூட இன்னும் வரவில்லை. நடப்போருக்கும் மிதிப்போருக்கும் முதலிடம் தருவதாகச் சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையை ஏற்றது. கொள்கை தாளில் இருந்தால் போதாது. தார்ச்சாலையில் தெரிய வேண்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி தரும் அரசு, அதை ஓட்ட ஒரு பாதையும் தர வேண்டாமா?

மோட்டார் வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெடுந்தூரம் செல்வோருக்கும், மலையேறுவோருக்கும், உடல் நலிந்தோருக்கும் அது தேவை. நாலு தெரு சுற்றி மாவு ஊற்றவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் கடன் தேவையில்லை என்பதே என் கூற்று.

கடைக்கோடி வீட்டில் இப்போது ஒரு பழைய சைக்கிள் நிற்கிறது. பெண்களுக்கானது அன்று, குறுக்குக் கம்பி உள்ளது. இளைய பிள்ளை அதில் அமர, மாவுத் தூக்குகள் இருபுறமும் தொங்க, அந்தப் பெண் விடியலில் என் வாசலைக் கடக்கிறார். அவர் கடக்கும்போது இனி யாரும் சிரிக்க வேண்டாம். வழிவிட்டு ஒதுங்கி நிற்போம்; அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.