பகைவனை வளர்க்கத் தெரியாத வகுப்பறை

காணொளி விளையாட்டு நம் மாணவரின் கற்பனையைக் கொன்றுவிட்டது என்னும் புலம்பல், ஆசிரியர் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கின்றது. முப்பதாண்டுகள் கரும்பலகையோடு வாழ்ந்தவன் என்னும் உரிமையில் இதனை மறுக்கின்றேன். கொலை செய்தது விளையாட்டு அன்று, நம் வகுப்பறையே.

யோங் பெங்கில் எம் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கதை எழுதினான். முதல் வரியில் ஒரு கெட்டவன் இருந்தான். மூன்றாம் வரியில் திருடினான். ஐந்தாம் வரியில் காவலர் பிடித்தனர். அதே சிறுவன் ஓய்வு வேளையில், தன் அண்ணனின் பழைய விளையாட்டொன்றைப் பற்றித் தோழர்க்குக் கூறினான். சுற்றி நின்றோர் இமைக்கவும் மறந்தனர்.

அது 1997இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 7'. ஆடுபவனே கதைமாந்தனாகி நடத்திச் செல்லும் வகையைச் சேர்ந்தது. அதன் பகைவன் செஃபிரோத் உடனே தோன்றுவதில்லை. முதலில் குருதித் தடம். அதன் முடிவில், முதுகில் நெடுவாள் பாய்ந்து கிடக்கும் ஒரு தலைவனின் பிணம். பின்னர்ச் சதுப்பு நிலத்தில், ஆடுபவன் எதிர்க்க அஞ்சிய பெரும்பாம்பு மரத்தில் குத்துண்டு தொங்குகின்றது. குத்தியவன் யாவன் என எவரும் சொல்ல வேண்டுவதில்லை. ஆளைக் காணுமுன்னரே அச்சம் வந்துவிடுகின்றது.

இக்கலை ஜப்பானியர்க்கு மட்டும் உரியதோ? கம்பர் செய்ததும் இதுவன்றோ! உறுப்பறுபட்ட சூர்ப்பணகை அண்ணனின் ஆற்றலைச் சொல்லி அலறுகின்றாள். இராவணனோ இன்னும் நம் கண்முன் வரவில்லை. கரன் போரிட்டு மடிந்த பின்னரே, தேவர் ஏவல் செய்யும் இலங்கை அரசவையில் அவனைக் காண்கின்றோம். சடாயுவின் சிறகு வீழ்கின்றது. உறங்கும் அவனை அனுமன் கண்கொண்டு பார்க்கின்றோம். முதற்போரில் அவன் தோற்றும், இராமன் கொல்லாது விடுகின்றான். தம்பியும் மகனும் மாண்ட பின்னரே அவன் முடிவு நேர்கின்றது. ஒவ்வொரு படியிலும் பகைவன் வளர்கின்றான். நம் நெஞ்சின் துடிப்பும் வளர்கின்றது.

இத்தகைய காப்பியத்தை நாம் எவ்வாறு கற்பிக்கின்றோம்? இராவணன் தீயவன், சீதையைக் கவர்ந்தான், அழிந்தான். மூன்று வரிச் சுருக்கம்! யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. அத்தேர்வுக்கென நாம் மனப்பாடம் செய்வித்த மாதிரிக் கட்டுரைகளின் ஆட்சியோ ஒழியவில்லை. இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. தொடக்கம், இடை, முடிவு என்று பயிற்சிக் கல்லூரியில் கற்றதையே நானும் பல்லாண்டு ஒப்புவித்தேன்.

தீயவனைப் பெரியவனாகக் காட்டுவது அறத்திற்கு இழுக்கு என்பார் உளர். எளிய பகைவனை வெல்லும் அறத்திற்கு என்ன பெருமை? சிலம்பின் பொற்கொல்லன் சிறிது நேரமே வருகின்றானே என்றும் வினவலாம். உண்மை. ஆயினும் கண்ணகியின் தீக்கனவை இளங்கோவடிகள் முன்பே வைத்துவிட்டார். ஆள் வளராவிடினும் அச்சம் வளர்கின்றது.

விளையாட்டில் கழியும் நேரம் மிகுதி. அதனை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆசிரியப் பெருமக்களே, அடுத்த கட்டுரை வகுப்பில் ஒன்று செய்யுங்கள். கெட்டவன் என்னும் சொல்லைத் தடை செய்யுங்கள். அவன் வருமுன் அவன் நிழல் வரட்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதுவர், அவர்கள் கையில் கம்பரைக் கொடுக்கும் துணிவு நமக்கும் பிறக்கும்.