ஓடாதே என்று சொன்னவர்கள்

2006 டிசம்பர். தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கிய சாந்தி சௌந்தரராஜன் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளை, ஊர் கத்தக்குறிச்சி. கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் சம்பங்கியை எடை போட்டபடியே பெருமை பேசினோம். சில நாளில், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிபோனது. அதே தராசுக்குப் பக்கத்தில் நின்று, "அப்பவே நெனச்சேன், நடையப் பாத்தியா?" என்றோம். நானும்தான்.

எதைச் சோதித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண் யார் என்ற வழக்கு உலகத்திலேயே இன்னும் தீரவில்லை. முன்பு குரோமோசோம் பார்த்தார்கள், பிறகு ஹார்மோன். அந்த ஹார்மோன் விதிக்கு ஒடிசாவின் ஓட்டக்காரி தூத்தி சந்த் 2015-ல் விளையாட்டு நடுவர் மன்றத்தில் தடை வாங்கினார். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனை. போட்டி சமமாக இருக்கவேண்டும் என்பவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. இத்தனை பேர் மல்லுக்கட்டுவதை நாங்கள் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டோம். திருநங்கை வேறு, பிறவியிலேயே உடற்கூறு மாறி வருவது வேறு என்பதுகூடத் தெரியாது. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே வசவுதான் இருந்தது.

2012-ல் அவர் 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சூளைக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. உச் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். போய்ப் பார்க்க பஸ் சார்ஜ் ஒன்றும் பெரிய காசில்லை. பிறகு அவரே பெங்களூரில் படித்துப் பயிற்சியாளர் ஆனார்; எங்கள் தயவில் அல்ல. நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாத நக்கீரருக்குச் சிலை வைத்த ஊர் இது. டீக்கடைச் சிரிப்புக்கு அஞ்சிக் கிடந்தோம்.

ஊரை விடுங்கள், என் வீட்டுக்கு வருகிறேன். சாந்தியின் பதக்கம் பறிபோனபோது என் தங்கை மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் அவள்தான் முதலில் ஓடி வருவாள். "ஓடி ஓடி நீயும் அவள மாதிரி ஆயிடாத" என்றேன். தங்கை தலையாட்டினாள். மறுவாரமே மகள் ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். நிம்மதி என்று நினைத்தோம், பாவிகள்.

போன மாதம் அவளிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பூத் தொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "என் மக ஓடுறா மாமா. வெறுங்காலோட ஓடுறா. ஒரு ஷூ வாங்கிக் குடுங்க" என்றாள். அளவுக்காகச் சின்னவளின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து எடுத்து வந்திருக்கிறேன்.