ராஜாவுக்கு என்ன கோபம்?

மெரீனாவில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றி ரவுண்டு அடிக்கிற நண்பர் ஒருவருக்கு நான்தான் வரவு செலவு பார்க்கிறேன். சென்ற மாதம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், ராஜா ஆளே மாறிட்டான். மூணு மாசமா ஜீனியைத் தூக்கினாலே காதை மடக்கறான், உதைக்கறான். நேத்து தம்பி பையன் தோளைக் கவ்விட்டான். என்ன பண்றது?"

நான் படித்தது பி.காம். குதிரை விஷயத்தில் எனக்குத் தெரிந்தது தேய்மானம் மட்டுமே. இருந்தாலும் கிளம்பினேன்.

நல்ல வேளையாக, பையனின் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, தடுப்பூசியும் ஆரம்பித்திருந்தார்கள். குதிரைக்கும் வெறிநோய் வரும். ஆனால் வந்தால் சில நாளில் கதை முடிந்துவிடும். மூன்று மாதம் முறைத்துக்கொண்டே கொள்ளு தின்னாது.

கொட்டிலில் ஒரு மாநாடே நடந்துகொண்டிருந்தது. "சுழி சரியில்லை" என்றார் ஒரு பெரியவர். (பிறந்ததிலிருந்து இருக்கிற சுழி, மூன்று மாதம் முன்புதான் விழித்துக்கொண்டதாக்கும்!) "ஊசி போட்டு முடிச்சுடு" என்றார் இன்னொருவர். நண்பரின் மச்சான் காரியவாதி. "ஆடியில அந்தியூர் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிடுவோம். கடிக்கிறான்னு நாம ஏன் சொல்லணும்?"

வியாபாரமாகப் பார்த்தால் சரிதான். வாங்குகிறவர் வீட்டிலும் பையன் இருப்பானே!

நண்பர் கண் கலங்கி நின்றார். ஆறு வருஷம் சோறு போட்ட ஜீவன். "முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன்.

டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். குதிரைக்குக் கடைவாய்ப் பல் வருஷக் கணக்கில் மேலே வந்துகொண்டே இருக்குமாம். மேல் தாடை கீழ்த் தாடையைவிட அகலம். அதனால் பல்லின் ஓரம் தேயாமல் கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும். ராஜாவுக்குக் கிழித்திருந்தது. அடுத்து முதுகை விரலால் அழுத்தினார், துள்ளியது. ஜீனியைப் புரட்டினார். மெத்தைக்கு உள்ளே கட்டை விரிசல் விட்டிருந்தது.

மூன்று மாதம் முன்பு மலிவாக வாங்கிய பழைய ஜீனி. செலவைக் குறைக்க அந்த யோசனை சொன்ன பி.காம். யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"இதுதான் காரணம்னு இன்னிக்கே அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர், பல்லை ராவிவிட்டு. "ரெண்டு மாசம் ஜீனி வேண்டாம். முதுகு ஆறின பிறகும் கடிச்சா, வேற டெஸ்ட் பார்க்கணும். அதுவரைக்கும் குழந்தை யாரையும் ஏத்தாதீங்க."

இரண்டு மாத வருமானம் போச்சு. நண்பர் வாயே திறக்காமல் தலையாட்டினார்.

நேற்றுப் போயிருந்தேன். நண்பர் முதுகைத் தடவிக் கொடுக்க, ராஜா சாதுவாக நின்றது. நானும் கிட்டப் போனேன்.

காதை மடக்கியது. ஜீனி விஷயம் யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.