‘உழைப்பாளி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

மருத்துவமனைப் படிவங்களில் ‘குடும்ப நோய் வரலாறு’ என்றொரு கட்டம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நீரிழிவு உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, மாரடைப்பு உண்டா, இளைப்பு உண்டா என்று அது கேட்கும். பெற்றோருக்கும் பாட்டன் பாட்டியருக்கும் இருந்த நோய்களை நாமும் நிரப்பிக் கொடுக்கிறோம். அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. நுரையீரல் மருத்துவனாகிய நானும் தொடக்க ஆண்டுகளில் அதைக் கேட்டதில்லை. அது பிழை என்பதை என் வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பற்றி வினவினால், உடனிருப்போர் பெருமிதத்தோடு சொல்வார்கள்: “கடுமையான உழைப்பாளிங்க, டாக்டர். மாடா உழைச்சுக் குடும்பத்தைக் கரை சேர்த்தாரு.” அவ்வளவோடு பேச்சு நின்றுவிடும். கல்குவாரியில் உழைத்தாரா, தோல் பதனிடும் தொட்டியருகே நின்றாரா, உப்பளத்தில் கண் கூச வெயிலில் நடந்தாரா என்பது வருவதில்லை. புகழ்ச்சிக்குள் அந்த உழைப்பே மறைந்துபோகிறது.

என் தந்தையின் தந்தையை நாங்கள் ‘அப்பாரு’ என்றழைப்போம். 1951-ஆம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் வயதில், கோவையில் ஒரு பஞ்சாலையில் சேர்ந்தார். வானம் பார்த்த பூமியை நம்பிப் பயனில்லை என்று ஊரை விட்டு வந்தவர். ஆலைச் சங்கு ஊதும் முன்பே தூக்குப்போசியோடு புறப்பட்டுவிடுவார். நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், இரண்டு தங்கைகளுக்குத் திருமணம் செய்ததும், ஓட்டு வீடு கட்டியதும் எங்கள் குடும்பத்தில் அனைவரும் அறிந்த வரலாறு. ஐம்பது வயதுக்குப் பிறகு அவரால் வாசற்படி ஏறி வந்து உடனே பேச முடியாது என்பதும் அனைவரும் அறிந்ததே. ஆனால் அதை அவ்வரலாற்றின் பகுதியாக எவரும் கருதவில்லை. “பீடி குடிச்சுக் குடிச்சு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டாரு” என்று ஆத்தா சொல்வார். நாங்களும் அப்படியே நம்பினோம். 1991-இல் அவர் மறைந்தபோது நான் பள்ளி மாணவன்.

பின்னர் என் தந்தைக்கும் அதே இளைப்பு வந்தது. அவர் பீடியைத் தொட்டறியாதவர். ஆகவே ‘பரம்பரை’ என்று முடிவு செய்தோம். ஒரு மருத்துவமனைப் படிவத்தில் ‘பாட்டனார், தந்தை – ஆஸ்துமா’ என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன்.

அப்பாரு வேலை செய்தது கார்டிங் பகுதியில். அவருக்குப் பின் என் தந்தைக்கு ஆலையில் இடம் கிடைத்ததும் அதே பகுதியில்தான். பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமும், இழைகளைச் சீவும் கார்டிங்கும் பஞ்சாலையில் தூசி மிகுந்த இடங்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் பருத்தித் தூசியைச் சுவாசிப்போருக்கு வரும் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். அதன் தொடக்க அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாட்களில் தளரும். ஆண்டுகள் செல்லச் செல்ல, எல்லா நாளும் அந்த முதல் நாளைப் போலாகிவிடும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மட்டும் இதைப் பிரித்தறிய இயலாது. நோயாளி சொல்லும் கதைதான் சான்று.

லீவு முடிந்து போகும் நாளில் மட்டும் அப்பாரு வெல்லத்தையும் வாழைப்பழத்தையும் கூடுதலாக எடுத்துச் செல்வார் என்று என் அத்தை ஒருமுறை தற்செயலாகச் சொன்னார். தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்பது ஆலைத் தொழிலாளரின் நம்பிக்கை. அந்த ஒரு வரியில் எனக்கு நோயின் வரலாறே விளங்கியது. பீடிக்குப் பங்கில்லை என்று நான் வாதிடவில்லை. புகையும் பருத்தித் தூசியும் சேர்ந்தால் நுரையீரலுக்கு இரட்டைக் கேடு. ஆனால் பழி முழுவதையும் அவர் மீதே சுமத்தினோமே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. எங்கள் குடும்பத்தில் தலைமுறை கடந்து வந்தது இரத்தத்தில் இறங்கிய நோயன்று, ஒரே கூரையின் கீழ் பெற்ற நோய் என்றே இப்போது எண்ணுகிறேன்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘உமது தொழில் என்ன?’ என்பதையும் சேர்த்துக் கேட்குமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவசர அவசரமாக நோயாளிகளைப் பார்க்கும் எங்களில் பலர் அதை மறக்கிறோம். எனவே உங்கள் உதவியை நாடுகிறேன்.

ஓய்வு பெற்றுப் பல்லாண்டு ஆனவரிடம் இதையெல்லாம் கேட்பானேன் என்று நினைக்க வேண்டாம். கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் வேலையை விட்ட பின்னும் வளரக்கூடும். ஆஸ்பெஸ்டாஸ் விளைவிக்கும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துத் தலைகாட்டும். அத்தொழிலாளரின் ஆடைகளை வீட்டில் துவைத்த மனைவியருக்கும் அது வந்ததுண்டு. ஆகவே பாட்டியின் நோய்க்கும் தாத்தாவின் தொழிலைக் கேட்க நேரிடும்.

மருத்துவமனையில் காத்திருக்கும் பொழுது நீளமானது. பெரியவருக்கு மூச்சு இடம் கொடுத்தால், அப்போது கேளுங்கள். விசாரணை போல் வேண்டாம். முதல் சம்பளத்திலிருந்து தொடங்கினால் தாமே பேசுவார். எந்த ஊர், எந்தப் பகுதி, எத்தனை ஆண்டு, கையில் என்ன பொருள் புழங்கிற்று, இருமல் எப்போது தொடங்கிற்று, லீவு நாளில் குறைந்ததா, உடன் வேலை செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பனவற்றைப் பேச்சோடு பேச்சாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு, கிராஜுவிட்டித் தாள் முதலியவை பெட்டியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள். பருத்தித் தூசி நோயும் சிலிக்கோசிஸும் சட்டத்தின் அட்டவணையில் தொழில்சார் நோய்களாக இடம்பெற்றவை. இழப்பீடு கோர வாய்ப்புள்ளோருக்கு அந்தத் தாள்களே ஆதாரம்.

சென்ற ஆண்டு எனக்கே ஒரு பரிசோதனை தேவைப்பட்டது. குடும்ப வரலாற்றுக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன்: ‘பாட்டனார் – பஞ்சாலை, கார்டிங் பகுதி, 33 ஆண்டுகள். தந்தை – அதே ஆலை, அதே பகுதி, 22 ஆண்டுகள்.’