அம்மாவுக்கு ஒரு நல்ல இருக்கை

பரிமாற்றத் திட்டத்தில் ஒரு தவணை படிக்க நான் லண்டன் சென்றபோது அம்மாவும் உடன் வந்தார். 14 மணி நேரப் பயணம். அவருக்கோ மூட்டு வலி. கடன்பற்று அட்டையில் அப்பா மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பயணப் புள்ளிகளைக் கொண்டு அவரையாவது பிஸ்னஸ் வகுப்பில் அமர்த்த நினைத்தோம்.

டிக்கெட் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஆக மலிவான அந்த வகை டிக்கெட்டைப் புள்ளிகளால் உயர்த்த முடியாதாம்! அதே எகானமி இருக்கையைக் கூடுதல் விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். அப்போதும் காத்திருப்புப் பட்டியல்தான்.

புள்ளிகளை நாம் சேமிப்பு என்று நினைக்கிறோம். அரிசி வாங்கினாலும் அப்பா அந்த அட்டையைத்தான் நீட்டுவார். 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியபோது, அடிக்கடி பறப்பவர்களுக்கான சலுகை அது. இன்று விமான நிறுவனங்கள் புள்ளிகளை வங்கிகளுக்கு விற்கின்றன. நாம் மேலும் செலவழிக்க வேண்டும் என்பதற்காக வங்கிகள் அவற்றை நமக்குத் தருகின்றன. ஓர் இருக்கைக்கு எத்தனை புள்ளி என்பதை நிறுவனம் நினைத்தால் மாற்றலாம். வங்கியில் போட்ட வெள்ளிக்குக் காலாவதித் தேதி உண்டா?

முதல் அட்டைக்கு விண்ணப்பிக்கவிருக்கும் நண்பர்களே, புள்ளிக் கணக்கைப் பார்க்குமுன் டிக்கெட்டின் நிபந்தனைகளைப் படியுங்கள். நாங்கள் படிக்கவில்லை. பாதிப் பயணத்தை அம்மா கழிவறை அருகே நின்றபடியே கழித்தார்.

அப்பாவின் புள்ளிகள் டிசம்பரில் காலாவதியாகின்றன.